பல் சொத்தைக்குச் சீட்டு போதாது, பள்ளியிலேயே மருந்து வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

2013-இல் தொடங்கிய, குழந்தைகளின் உடல்நலத்தைப் பரிசோதிக்கும் மத்திய அரசின் ஆர்பிஎஸ்கே திட்டத்தில், அரசுப் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் குழந்தைகளின் பல்லையும் பார்க்கிறார்கள். ஆனால் வாகனத்தில் வரும் குழுவில் பல் மருத்துவர் கிடையாது. சொத்தை என்று எழுதிப் பரிந்துரைச் சீட்டு கொடுப்பதோடு வேலை முடிகிறது. மருத்துவமனைக்குப் போனால் பெற்றோருக்கு ஒரு நாள் கூலி போகும். வேர் சிகிச்சை என்றால் இரண்டு மூன்று நடை. 'பால் பல்தானே, விழுந்து முளைச்சிடும்' என்று விட்டுவிடுகிறார்கள்.

பால் கடைவாய்ப் பற்கள் விழவே 9 முதல் 12 வயதாகும். சீக்கிரமே பிடுங்கினால் பக்கத்துப் பல் சாய்ந்து, அடியில் வளரும் பல்லின் இடத்தை அடைத்துவிடும். 6 வயதில், எந்தப் பல்லும் விழாமலேயே வரிசையின் கடைசியில் முளைப்பது நிரந்தரக் கடைவாய்ப் பல். அதையும் பால் பல் என்று நினைத்து இழப்பதுதான் பெரிய கொடுமை.

சொத்தை பரவாமல் நிறுத்த, மின்சாரமோ, துளையிடும் கருவியோ, ஊசியோ தேவைப்படாத மருந்து இருக்கிறது: 38 சதவீத சில்வர் டயமின் புளோரைடு. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் இதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. உதட்டில் வாஸ்லின் தடவி, குழியில் தங்கிய உணவைத் துடைத்து, பஞ்சு வைத்துப் பல்லை நன்றாக உலர்த்தி, சின்னத் தூரிகையால் மருந்தைத் தொட்டு வைத்து ஒரு நிமிடம் விட வேண்டும். மிச்சத்தைப் பஞ்சால் ஒற்றி எடுத்துவிடலாம். ஒரு சொட்டு நான்கைந்து பற்களுக்குப் போதும். எச்சில் பட்டு ஈரமானால் மருந்து சரியாக இறங்காது. ஒரே தடவையோடு நிறுத்தினால் சொத்தை மறுபடி பரவலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வைப்பதே பலன் தரும்.

சொத்தை இருந்த இடம் கன்னங்கரேலென்று கறுத்துப்போகும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் மறுநாள் பெற்றோர் பள்ளி வாசலில் வந்து நிற்பார்கள், அது நியாயமும்கூட. ஒப்புதல் படிவத்திலேயே கறுத்த பல்லின் படத்தை அச்சிட வேண்டும். வெள்ளி ஒவ்வாமையோ வாய்ப்புண்ணோ உள்ள குழந்தைக்கு இதை வைக்கக் கூடாது.

குழியை அடைக்க கிளாஸ் அயனோமர் சிமெண்ட் போதும். மெத்தென்று இருக்கும் சொத்தையைக் கைக்கருவியால் சுரண்டி, சிமெண்டை வைத்து விரலால் அழுத்தினால் முடிந்தது. ஒரு மணி நேரம் எதையும் மெல்லக் கூடாது. மெல்லும் பரப்பில் உள்ள குழியில் இது நன்றாக நிற்கும். இரண்டு பற்களின் இடுக்கில் உள்ள சொத்தையில் அடிக்கடி பெயர்ந்துவிடும்.

வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்தின் பல் மருத்துவர் வாரம் ஒரு நாள் இந்த வாகனத்தில் போக ஆணையிட்டால், இவ்வளவும் வகுப்பறையிலேயே நடக்கும். மருந்துக்குத் தட்டுப்பாடு வராமல் பார்த்துக்கொள்வது தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் பொறுப்பாக வேண்டும். புளோரைடு கலந்த பல் துலக்கும் பேஸ்ட்டையும் அங்கன்வாடிக்குத் தரலாம்: 3 வயதுக்குள் அரிசி அளவு, அதற்கு மேல் பட்டாணி அளவு. தருமபுரி, கிருஷ்ணகிரி போலத் தண்ணீரிலேயே புளோரைடு மிகுந்த ஊர்களில், விழுங்காமல் துப்புகிறார்களா என்று பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

இரவில் பல்வலியால் தூக்கம் கெடுவது, ஈறில் சீழ்க்கொப்புளம், கன்னத்தில் வீக்கம் ஆகியவை இருந்தால் இந்த மருந்து உதவாது. அந்தக் குழந்தைகளிடம் சீட்டு கொடுத்து அனுப்பாமல், பெற்றோரில் ஒருவரோடு அதே வாகனத்தில் அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

– அரசு பல் மருத்துவர்கள் சிலர், தருமபுரி மாவட்டம்