இன்மை அறிக்கை

மாவட்டங்களிடமிருந்து மாதாமாதம் குழந்தைகள் பாதுகாப்பு அறிக்கை கேட்டு வாங்கும் மேலதிகாரிகள் எல்லோருக்கும்,

வணக்கம்.

நான் ஒரு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் தகவல் பகுப்பாளர். எந்த மாவட்டம் என்று சொல்லவில்லை. இதில் வரும் குழந்தைகளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு அதற்கு ஒரு காரணம். இன்னொரு காரணம், நான் தொகுப்பூதியக்காரி, பணி நீட்டிப்பு ஆணைக்குக் காத்திருப்பவள். குழந்தைகள் பாதுகாப்புக்கான ஒன்றிய அரசின் திட்டமான மிஷன் வாத்சல்யாவின் வழிகாட்டியில் என் பணியிடத்துக்கு இருப்பது ஒரு வரி: மாவட்டத்துக்கு ஒருவர், மாதம் 18,536 ரூபாய். சம்பளத்தைப் பற்றிப் புலம்ப இதை எழுதவில்லை. அதை எங்கள் கணக்காளர் என்னைவிட நன்றாக எழுதுவார்.

என் குறை ஒரு சொல்லோடு. 'இன்மை'. இந்த மாதம் ஒன்றுமே பதிவாகவில்லை என்றால் படிவத்தில் எழுதும் சொல்.

சில மாதங்களுக்கு முன் நடந்த ஆய்வுக் கூட்டம் ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். குழந்தைத் திருமணப் பக்கம் திரையில் வந்தது. ஒன்றியவாரியாக எண்கள். பல இடங்களில் 1, 2. ஓர் ஒன்றியத்துக்கு நேராக 9. இன்னொன்றுக்கு நேராக 'இன்மை'. "அங்க மட்டும் ஏன் இவ்வளவு?" என்று கேள்வி வந்தது. ஒன்பது வந்த ஒன்றியத்தைப் பார்த்துக்கொள்ளும் புறத்தொடர்புப் பணியாளர் அக்கா எழுந்து நின்றார். பந்தல் போடுகிறவர், மண்டபத்து வாட்ச்மேன், பத்திரிகை அடிக்கும் அச்சகத்துப் பையன் என்று ஊர் ஊராக எல்லோரிடமும் தன் நம்பரைக் கொடுத்து வைத்திருப்பவர் அவர். ராத்திரி பதினொரு மணிக்கும் அவருக்கு போன் வரும். ஒன்பது வந்தது அதனால்தான். கூட்டத்தில் இதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. "இனிமே குறைச்சிடறோம் சார்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். இன்மை என்று எழுதிய ஒன்றியத்துக்கு ஒரு "குட்" கிடைத்தது.

அடுத்த மாதம் அந்த ஒன்பது நான்கானது. அதற்கடுத்த மாதம் இரண்டு. என் வரைபடத்தில் கோடு அழகாக இறங்கியது. அந்தப் படத்தை நீங்கள் பாராட்டவும் செய்தீர்கள்.

அப்புறம், நிதி ஆதரவு மனுக்களின் வருமானச் சான்றுகளைச் சரிபார்க்க அந்த 'இன்மை' ஒன்றியத்துக்கே போகவேண்டி வந்தது. வெயிலுக்கு ஒதுங்கி ஆரம்ப சுகாதார நிலையத்தின் திண்ணையில் உட்கார்ந்தோம். கிராம சுகாதாரச் செவிலியர் கர்ப்பிணிப் பதிவேட்டை எழுதிக்கொண்டிருந்தார். பேச்சுவாக்கில் கேட்டேன்: "பதினெட்டு ஆகாத பிள்ளைங்க யாராச்சும் வர்றாங்களாக்கா?" அவர் பேனாவை மூடினார். "வருவாங்க. ஆதார்ல பதினேழுன்னு இருந்தா நாங்க போலீசுக்குச் சொல்லணும். சொன்னா அந்தப் பையன உள்ள வச்சிருவாங்க. அதனால ஆதார மறந்துட்டேன், அடுத்த வாரம் எடுத்தாரேன்னு போயிடுவாங்க. திரும்பி வர்றப்போ ஏழாம் மாசம். பிள்ளைக்கு ரத்தம் ஏழுதான் இருக்கும்."

அதாவது, எங்கள் அறிக்கையில் பூஜ்யமாக இருந்த ஒன்றியத்தில், ரத்தத்தில் ஹீமோகுளோபின் வெறும் ஏழு என்ற அளவில் ஒரு பெண் பிள்ளை பேருந்து ஏறி வந்துபோயிருக்கிறாள்.

போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு, தெரிந்தவர் தகவல் சொல்லியே ஆகவேண்டும் என்கிறது. அந்தப் பிரிவு சரியா தவறா என்று வாதாட நான் ஆளில்லை. எண்களைப் பார்ப்பவளாக ஒன்று மட்டும் சொல்வேன்: சொன்னால் கைது, எழுதினால் விளக்கம் என்று இரண்டு பக்கமும் நெருக்கினால் பதிவேடு மெலியத்தான் செய்யும். திருமணங்கள் அதே வேகத்தில் நடந்துகொண்டிருக்கும்.

இதைச் சரிபார்க்க வெளியே ஓர் அளவுகோல் இருக்கிறது. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயதுப் பெண்களில் 12.8 சதவீதம் பேர் 18 வயதுக்கு முன்பே மணமானவர்கள். கிட்டத்தட்ட எட்டில் ஒருவர். நாட்டின் சராசரியான 23.3ஐ விட நாம் எவ்வளவோ பரவாயில்லை, சரி. ஆனாலும் எட்டில் ஒருவர் என்ற மாநிலத்தில், ஒரு முழு ஒன்றியம் மாதக்கணக்கில் இன்மை தருவது எப்படி? கணக்கெடுப்புக்குப் போகிறவர் எல்லாம் முடிந்து சில ஆண்டுகள் கழித்து, யாருக்கும் பயமில்லாத நேரத்தில் கேட்கிறார். நாங்கள் கல்யாணத்துக்கு முந்தின நாள் போலீஸ் ஜீப்போடு போய் நிற்கிறோம். இரண்டும் ஒரே எண்ணைத் தராது. அது புரிகிறது. ஆனால் இவ்வளவு இடைவெளி இருந்தால், அந்த ஒன்றியத்தில் நமக்கு யாரும் போன் செய்வதில்லை என்றுதான் நான் படிப்பேன்.

தாளில் குழந்தைகள் காணாமல் போவது நம் துறைக்குப் புதிதல்ல. 2007இல் மாமல்லபுரம் பகுதி ஆதரவற்றோர் இல்லங்களில் குழந்தைகள் சுரண்டப்பட்டது பற்றிய செய்தியிலிருந்து கிளம்பிய வழக்கில், 2017 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. எல்லா இல்லங்களையும் அந்த ஆண்டு முடிவதற்குள் பதிவு செய்யுங்கள், பராமரிப்பு தேவைப்படும் குழந்தைகளின் தரவுத்தளத்தை மாதாமாதம் புதுப்பியுங்கள், ரகசியத்தையும் காப்பாற்றுங்கள் என்றது. அடுத்த ஆண்டு அதே வழக்கில் இரண்டு கணக்குகள் எதிரெதிரே வந்து நின்றன. 2016–17இல் எடுத்த கணக்கெடுப்பின்படி நாடு முழுவதும் இல்லங்களில் சுமார் 4.73 லட்சம் குழந்தைகள். 2018 மார்ச்சில் அரசு தந்த கணக்கில் சுமார் 2.61 லட்சம். இடையில் இருந்த இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் எங்கே என்று நீதிபதிகள் கேட்டார்கள். அந்தச் செய்தியை வெட்டி என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். இரண்டு பக்கமும் என்னைப் போன்ற யாரோ ஒருவர் தட்டச்சு செய்த எண்கள்தானே.

சரி, எண் எப்படிக் கெடுகிறது என்று கொஞ்சம் பக்கத்தில் வந்து பாருங்கள்.

ஒரு பையனின் கோப்பு. கிடை போடும் ஆட்டுக்காரரிடம் அவன் அப்பா முன்பணம் வாங்கிவிட்டு அவனை விட்டுவிட்டுப் போயிருந்தார். இரண்டு வருஷம் ஆட்டுக்குப் பின்னால் நடந்தவன். பள்ளியில் ஐந்தாம் வகுப்போடு பெயர் நின்றிருக்கிறது. அம்மா இறந்துவிட்டார். நான் நிரப்ப வேண்டிய படிவத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம். அதில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். குழந்தைத் தொழிலாளர் என்று போடலாம், ஒற்றைப் பெற்றோர் என்று போடலாம், பள்ளி இடைநின்றவர் என்றும் போடலாம். கொத்தடிமை என்று போட்டால் 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி வேறு நடவடிக்கைகள் தொடங்கவேண்டும், அவனுக்கு விடுவிப்புச் சான்று கிடைக்கவேண்டும். எனக்கு முன்னால் அதை நிரப்பியவர் 'ஒற்றைப் பெற்றோர்' என்று போட்டிருந்தார். அவர் பொய் எழுதவில்லை. ஆனால் அந்த ஒரு கிளிக்கில் மாவட்டத்தின் குழந்தைத் தொழிலாளர் எண்ணிக்கை ஒன்று குறைந்தது. ஆட்டுக்காரரும் கணக்கிலிருந்து கழன்றுகொண்டார்.

பிறந்த தேதியைக் கேட்காதீர்கள். எங்கள் பதிவேட்டை நம்பினால் இந்த மாவட்டத்துக் குழந்தைகள் மே, ஜூன் மாதங்களில்தான் கொத்துக் கொத்தாகப் பிறக்கிறார்கள். பள்ளியில் சேர்க்கும் அன்று வாத்தியார் ஐந்து வயது வரும்படி ஒரு தேதி போட்டுக்கொண்டதன் விளைவு அது. சாதாரணக் குழந்தைக்கு இது வேடிக்கை. பதினேழே முக்கால் வயதில் குழந்தைகள் நலக் குழு முன் நிற்கும் பெண்ணுக்கு வேடிக்கையில்லை. வயதுக்கு முதலில் பள்ளிச் சான்றைத்தான் பார்க்கவேண்டும் என்று இளைஞர் நீதிச் சட்டத்தின் 94ஆம் பிரிவு சொல்கிறது. என்றைக்கோ ஒரு வாத்தியார் உத்தேசமாக எழுதிய ஜூன் 1தான் அவளுக்குச் சட்டம் பொருந்துமா இல்லையா என்று தீர்மானிக்கும்.

பெயர்களும் இப்படித்தான். இலட்சுமி, லட்சுமி, லெட்சுமி என்று மூன்று இடங்களில் மூன்றாகப் பதிவானவள் ஒரே பெண் என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு மதியம் ஆனது. குடும்பப் பெயர் கட்டாயம் என்று கேட்கும் படிவத்தில் நம்மவர்கள் சிலர் இனிஷியலைப் போடுகிறார்கள், சிலர் அப்பா பெயரை, சிலர் வெறும் புள்ளியை.

இப்போது நீங்கள் அதிகம் விரும்பும் இன்னொரு எண்: 'குடும்பத்துடன் இணைக்கப்பட்டவர்கள்'. அது கூடினால் உங்களுக்கு மகிழ்ச்சி. குழந்தை குடும்பத்தில் வளர்வதுதான் நல்லது, சட்டத்தின் கொள்கையும் அதுதான், எனக்கும் அதில் மாற்றுக் கருத்து இல்லை. 2020 செப்டம்பரில், கொரோனா நடுவே, தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் தமிழ்நாடு உட்பட எட்டு மாநிலங்களுக்கு எழுதிய கடிதம் உங்களுக்கு நினைவிருக்கும். இல்லங்களில் உள்ள குழந்தைகளை 100 நாட்களுக்குள் வீட்டுக்கு அனுப்புங்கள் என்றது அது. எந்தக் குழந்தையின் வீட்டில் சோறு இருக்கிறது, எந்த வீட்டில் பயந்து ஓடி வந்த அதே மாமா இன்னும் இருக்கிறார் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கவேண்டிய வேலைக்கு, எல்லோருக்கும் ஒரே கெடு.

போன குழந்தை அங்கேயே இருக்கிறதா, திரும்பி வந்ததா? அதற்கு எனக்குக் கட்டமே இல்லை. அமெரிக்காவில் வீட்டுக்கு அனுப்பிய குழந்தை 12 மாதத்துக்குள் மறுபடி அரசுப் பராமரிப்புக்கு வந்ததா என்பதை மாநிலங்களை மதிப்பிடும் அளவுகளில் ஒன்றாகவே வைத்திருக்கிறார்கள். அவர்களுடையது எல்லாம் உசத்தி என்று சொல்லவரவில்லை. இந்த ஒரு கேள்வி நல்ல கேள்வி. இங்கே ரயில் நிலையத்தில் மூன்றாவது முறை பிடிபட்ட பையனை நான் மூன்று குழந்தையாக எண்ணிக் கொடுத்திருக்கிறேன். மீட்பில் மூன்று, இணைப்பில் மூன்று. இரண்டு பக்கமும் சாதனை.

நிறுத்தப்பட்ட கல்யாணங்களும் அப்படியே. பெற்றோரிடம் எழுதி வாங்குகிறோம், பிள்ளையைச் சில நாள் வரவேற்பு இல்லத்தில் வைக்கிறோம், குழு முன் நிறுத்துகிறோம், அனுப்புகிறோம். 'தடுக்கப்பட்டது: 1.' நாற்பது நாள் கழித்து பெரியம்மா ஊர்க் கோயிலில் தாலி கட்டியாகிவிட்டது என்று அக்காவுக்கு யாரோ சொல்வார்கள். அந்த 1 அப்படியேதான் இருக்கும். அதை அழிக்க எந்தப் படிவத்திலும் வழியில்லை.

இதற்கு நடுவே, எந்தக் குழந்தைக்கு ஆபத்து வரும் என்று கணினியே முன்கூட்டிச் சொல்லும்படி ஒரு செயலி செய்தால் என்ன என்று கடந்த கூட்டத்தில் ஒருவர் கேட்டார். பென்சில்வேனியாவின் அலிகெனி கவுண்டியில் 2016 முதல் அப்படி ஒன்று உண்டு. குழந்தை ஆபத்தில் இருப்பதாக போன் வந்ததும் 1 முதல் 20 வரை மதிப்பெண் போட்டு, விசாரணைக்குப் போவதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் ஊழியருக்குக் காட்டும். அரசு உதவியை நாடும் ஏழைக் குடும்பங்களின் விவரம்தான் அரசிடம் நிறைய இருக்கும், ஆகவே அவர்கள்மேல்தான் கண் அதிகம் விழும் என்ற சண்டை அங்கே இன்னும் ஓயவில்லை. நம்மிடம் அந்தச் சண்டை போடும் அளவுக்குக்கூடத் தரவு இல்லை. ஜூன் 1 பிறந்தநாள்களையும் 'ஒற்றைப் பெற்றோர்' என்ற காரணத்தையும் கொட்டினால், 'இன்மை' ஒன்றியம்தான் மாவட்டத்திலேயே பத்திரமான இடம் என்று அந்தக் கணினியும் சொல்லும். தயவுசெய்து இப்போது வேண்டாம்.

நான் கேட்பது பெரிய செலவில்லாத விஷயங்கள். கூட்டத்தில் கூடுதலாக வந்த ஒன்றியத்திடம் ஏன் கூடியது என்று கேட்பதற்கு முன், இன்மை தந்த ஒன்றியத்திடம் எத்தனை ஊருக்குப் போனீர்கள், குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அங்கிருந்து எத்தனை அழைப்பு வந்தது என்று கேளுங்கள். சுகாதாரத் துறையின் கர்ப்பிணிப் பதிவில் பதினெட்டுக்குக் கீழே எத்தனை பேர் என்பதை, பெயரில்லாமல் வெறும் எண்ணாக, ஒன்றியவாரியாக எங்களுக்குத் தரச்சொல்லுங்கள். பெயர் வந்தால் அந்தப் பிள்ளைகள் அந்தத் திண்ணைக்குக்கூட வரமாட்டார்கள். காரணக் கட்டத்தில் இரண்டு மூன்றைத் தேர்ந்தெடுக்க விடுங்கள். 'தெரியவில்லை' என்று எழுதவும் அனுமதியுங்கள், ஏனென்றால் பதினைந்து நாளில் கொடுக்கவேண்டிய சமூக விசாரணை அறிக்கைக்குப் பல நேரம் எங்களிடம் இருப்பது ஒரு பேருந்துப் பயணமும் ஒரு பக்கத்து வீட்டம்மாவின் பேச்சும்தான். ஆறு மாதம் கழித்து அந்தக் குழந்தை எங்கே இருக்கிறது என்று ஒரு கட்டம் சேருங்கள். அதை நிரப்ப அக்காவுக்குப் பெட்ரோல் காசும் வேண்டும். அவருக்கு மாதம் 10,592 ரூபாய்.

இந்த மாத அறிக்கையை வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்குள் கேட்டிருக்கிறீர்கள். நேற்று அக்கா போன் செய்தார். அவர் ஒன்றியத்தில் இந்த மாதம் ஏழு வந்திருக்கிறதாம். "ஏழு போடவா, ரெண்டு போடவா?" என்று கேட்டார். ஏழு என்றே போட்டிருக்கிறேன். கூட்டத்தில் யாரையாவது எழுந்து நிற்கச் சொல்வதாக இருந்தால், அவரை வேண்டாம், என்னைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மாவட்டத்தின் தகவல் பகுப்பாளர்