ஆறு நின்ற இடத்தில் குப்பையும் நிற்கிறது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

நான் தலவாக்கலையில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் டவுனை ஒட்டி ஒரு காலத்தில் கொத்மலை ஓயா பாறைகளுக்கிடையே இரைந்துகொண்டு ஓடும். அடைமழை நாட்களில் அந்தச் சத்தம் லயத்து வாசல் வரை கேட்கும். மேல் கொத்மலை மின்நிலையம் 2012இல் இயங்கத் தொடங்கிய பிறகு அந்த ஓயா அணையில் தேங்கி நிற்கிறது. 150 மெகாவாட் மின்சாரம் நாட்டுக்குத் தேவைதான். அதை நான் குறை சொல்லவில்லை.

ஆனால் முன்பு வெள்ளம் அடித்துக்கொண்டு போன குப்பை (அதுவும் சரியில்லை, கீழே இருப்பவர்கள் தலையில்தானே விழுந்தது!) இப்போது எங்கள் கண்ணெதிரே கரையொதுங்குகிறது. போன ஞாயிற்றுக்கிழமை மரக்கறி வாங்கிக்கொண்டு வரும் வழியில் கரையோரம் நின்று பார்த்தேன். லன்ச் சீட், யோகட் கப், வாய் முடிச்சிட்ட சொப்பிங் பேக், ஒரு பிள்ளையின் ஒற்றைச் சப்பாத்து. அந்தச் சப்பாத்தின் மேல் ஒரு கொக்கு காலை வைத்து நின்றது. மனசு கேட்கவில்லை.

சம்பளம் போட்ட வாரங்களில் தோட்டங்களிலிருந்து சனம் வந்து குவியும். அந்த நாட்களிலாவது கரையோரம் பெரிய தொட்டிகளை வைத்து, அன்று மாலையே அள்ளிச் செல்ல உரியவர்கள் ஏற்பாடு செய்ய வேண்டும். கடைக்கார அண்ணன்மாரும் பின்வாசலால் கொட்டுவதை நிறுத்த வேண்டும். இந்த நீர் மகாவலியில் போய்ச் சேர்கிறது.

இப்படிக்கு,
தோட்டப் பாடசாலை ஆசிரியை ஒருவர்,
தலவாக்கலை.