மகரந்த அனுமதியை முன்கூட்டியே கொடுங்கள்

அரிய தாவரங்கள் எல்லை தாண்ட அனுமதி வழங்கும் எல்லா நாட்டு அதிகாரிகளுக்கும்,

வணக்கம். எங்கள் விண்ணப்பம் ஏற்கப்பட்டதாக உங்களில் ஓர் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. நன்றி. எந்தப் பூவுக்காக மகரந்தம் கேட்டோமோ, பிண நாற்றம் வீசும் அந்த ராட்சதப் பூவான டைட்டன் ஆரம் வாடிச் சாய்ந்து பல வாரங்கள் ஆகிவிட்டன.

இந்தோனேசியாவின் சுமத்திராக் காடுகளைத் தவிர வேறெங்கும் தானாக வளராத இந்தச் செடியின் நிலைமை உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் அந்த ஓர் இரவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். விதை முளைத்து முதல் பூ வரப் பல ஆண்டுகள் ஆகும். பூத்தால் ஓரிரு நாள்தான். ஒரே பூவாகத் தெரிந்தாலும், உள்ளே தண்டின் அடியில் இருப்பவை பல சிறு பூக்கள். முதல் இரவில் பெண் பூக்கள் தயாராகும். அதே தண்டிலுள்ள ஆண் பூக்கள் மகரந்தம் உதிர்ப்பதோ மறுநாள் இரவில். அதற்குள் பெண் பூக்களின் நேரம் முடிந்துவிடும். வேறொரு செடியின் மகரந்தம் முன்பே கையில் இருந்தால்தான் பாளையின் அடியில் சிறு சன்னல் வெட்டி, தூரிகையால் தடவ முடியும். மொட்டு தெரிந்த அன்றே விண்ணப்பித்திருந்தோம். அன்றிரவு கத்தி இருந்தது, தூரிகை இருந்தது, பிண நாற்றமும் குறைவில்லாமல் இருந்தது. மகரந்தம் மட்டும் வேறொரு நாட்டுத் தோட்டத்தின் உறைபெட்டியில், உங்கள் கையெழுத்துக்காகக் காத்துக்கிடந்தது.

கோரிக்கை ஒன்றுதான்: பாதுகாப்புப் பணிக்கான மகரந்தத்துக்கு முன்கூட்டியே அனுமதி கொடுங்கள். பதிவு பெற்ற தோட்டங்களை ஆண்டுக்கொரு முறை சோதித்து வழங்கினால் போதும். வணிக நோக்கமற்ற ஆய்வுக்கு எளிய நடைமுறை வகுக்கும்படி மரபு வளங்களைப் பெறுவதையும் அவற்றின் பயனைப் பகிர்வதையும் பற்றிய 2010ஆம் ஆண்டின் நகோயா நெறிமுறை, 8ஆம் பிரிவிலேயே சொல்கிறது. பதிவு பெற்ற அறிவியல் நிறுவனங்கள் தங்களுக்குள் உயிருள்ள தாவரங்களைப் பரிமாறிக்கொள்ள அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் 1973இன் சைட்டஸ் ஒப்பந்தமும் வழிவிட்டிருக்கிறது. நாங்கள் புதிதாக எதையும் கேட்கவில்லை.

சுமத்திராவின் செல்வத்தைப் பிறர் சுருட்டிக்கொண்டு போகக் கூடாது என்பதில் எங்களுக்கும் மாற்றுக் கருத்தில்லை. கிடைக்கும் விதையில் பங்கு செடியின் தாய்நாட்டுக்குத் திரும்ப வேண்டும் என்று அனுமதியிலேயே எழுதுங்கள்; கையெழுத்துப் போடுகிறோம்.

ஆனால் இந்தக் கட்டுப்பாடு யாரைக் கட்டுகிறது? பாஃபியோபெடிலம் வியட்நாமென்ஸ் என்ற ஆர்க்கிட் 1999இல்தான் அறிவியலுக்கு அறிமுகமானது. சில ஆண்டுகளுக்குள் காட்டில் ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சவில்லை. அள்ளிக்கொண்டு போனவர்கள் எந்த அலுவலக வாசலில் வரிசையில் நின்றார்கள்? படிவம் நிரப்புகிறவன் காத்திருக்கிறான், பைக்குள் திணிக்கிறவன் விமானம் ஏறிவிடுகிறான். மாநாட்டு மேடைகளின் பின்திரையில் மட்டும் இந்தப் பூக்கள் ஆளுயரத்துக்குச் சிரிக்கின்றன.

சரி, கோபத்தை விடுகிறேன். தோட்டங்களில் உள்ள டைட்டன் ஆரம் செடிகள் பலவும் நெருங்கிய சொந்தம். புது மகரந்தம் வராவிட்டால் அடுத்த தலைமுறை நலிந்துதான் பிறக்கும்.

எங்களிடம் இன்னொரு கிழங்கு பருத்து வருகிறது. அதற்கான விண்ணப்பத்தை இப்போதே அனுப்பியிருக்கிறோம். தயவுசெய்து இந்த முறையாவது அனுமதியை முன்கூட்டியே கொடுங்கள். கூடுதல் ஆவணம் ஏதாவது வேண்டுமென்றால், அதையும் இன்றே கேட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தாவரவியல் தோட்டப் பணியாளர்