கோத்தகிரியில் படம் வரையும் மகளுக்கு

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய தேயிலைச் சரிவுப் படத்தை நானும் அம்மாவும் பெரிதாக்கிப் பார்த்தோம். வானத்தில் நீலம் திட்டுத்திட்டாக ஊறிப்போனதற்கு வருத்தப்படாதே. மூடுபனியில் தாள் லேசில் காயாது. இங்கே கும்பகோணத்துச் சித்திரை வெயிலில் ஒரு வாஷ், அதாவது தண்ணீர் கலந்த மெல்லிய நிறப்பூச்சு, முடிப்பதற்குள் ஓரம் காய்ந்து கோடு விழும். அங்கே நேர்மாறு; ஈரம் நின்றுகொண்டே இருக்கும், மேலே வைக்கிற நிறம் பரவி ஓடும். தண்ணீரைக் குறைத்துக்கொள். தூரிகையைத் துணியில் ஒருமுறை ஒற்றிவிட்டு வை. மேகம் ஏறுவதற்குள், காலையிலேயே நிழல்களைப் போட்டு முடித்துவிடு. அப்புறம் நிழல் நகர்ந்தாலும் அதைத் துரத்திக்கொண்டு போகாதே.

தாளில் நேர்வெயில் விழக் கூடாது. அந்தக் கூச்சத்தில் நிறமெல்லாம் வெளிறித் தெரியும், நீயும் அடர்த்தியாகப் பூசிக்கொண்டே போவாய். வீட்டுக்குள் வந்து பார்த்தால் படம் இருண்டு கிடக்கும். அதற்காகக் கற்பூர மரத்தடியில் (யூகலிப்டஸ்தான்) போய் உட்காராதே; காற்றடித்தால் கிளை முறிந்து விழும்.

படம் வைக்கிற ஸ்டாண்டு ஆடாமலிருக்க நடுவில் பையைத் தொங்கவிட்டு உள்ளே கல் போடு. தென் பிரான்சில் ஆர்ல் ஊர்ப் பக்கம் அடிக்கிற மிஸ்ட்ரல் என்ற பலத்த காற்றில் ஓவியர் வான்கோ ஸ்டாண்டை முளையடித்துக் கட்டித்தான் வரைந்தார். 1889இல் அவர் வரைந்த ஆலிவ் மரங்கள் படத்தின் சாயத்துக்குள் ஒரு வெட்டுக்கிளி சிக்கியிருந்ததை 2017இல் அமெரிக்காவின் கான்சஸ் சிட்டி அருங்காட்சியகத்தில் கண்டுபிடித்தார்கள். அதனால் ஈரத்தில் பூச்சி ஒட்டினால் பதறிப்போய்த் தேய்க்காதே. காய்ந்ததும் தட்டிவிடு, உதிர்ந்துவிடும்.

காட்டுமாடு விஷயத்தில் மட்டும் அப்பா சொல்வதை அப்படியே கேள். தேயிலைக்குள் அது நிற்பது சட்டென்று தெரியாது. வரைகிறவளுக்குக் கண் ஒரே இடத்தில் குத்திட்டு நிற்கும், காதும் அடைத்துப்போகும். எனக்கு அதுதான் பயம். முதுகுப்பக்கம் பாறையோ சுவரோ இருக்கிற இடமாகப் பார்த்து உட்கார். அது உடம்பைப் பக்கவாட்டில் முழுசாகக் காட்டி நின்றாலே மிரட்டுகிறது என்று அர்த்தம். தனியாகத் திரிகிற கிடா என்றால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். போர்டு, பெட்டி, பாதிப் படம் எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு மெல்லப் பின்வாங்கு. செல்போனை எடுக்காதே. கரடி விடிகாலையிலும் பொழுது சாய்ந்தும் நடமாடும், ஆகையால் அந்தி வெளிச்சத்தை வீட்டு மாடியிலிருந்து வரைந்தால் போதும். மலைத்தேனீ அடை தொங்கும் பாறைப் பக்கம் சென்ட் போட்டுக்கொண்டு போகாதே.

குரங்குக்குப் பயந்து சாப்பாட்டை ஒளித்து வைக்கிறாய், சரி. டியூப்களையும் மூடி வை. காட்மியம், கோபால்ட் கலந்த நிறங்களைக் கடித்தால் பாவம், அதற்கு விஷம். தூரிகை கழுவிய தண்ணீரையும் ஓடையில் கொட்டாமல் பாட்டிலில் அடைத்து எடுத்து வா.

அந்தச் சிவப்புக் குடையை இனி பிடிக்காதே, அதன் நிறம் தாளில் விழுகிறது. சாம்பல் நிறத்தில் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். பார்சலை உன் ரூமுக்கு அனுப்பட்டுமா, ஆபீசுக்கா?

அன்புடன்,
அப்பா