பித்தளைக் கல்

பெர்லின், நவம்பர் 10

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் சென்ற வாரமே கைக்கு வந்துவிட்டது. பதில் எழுத உட்கார்ந்த அன்றுதான் பையனின் பள்ளியிலிருந்து அழைத்தார்கள். அதன் பிறகு மனம் எதிலும் நிலைக்கவில்லை.

இங்கே பள்ளி மைதானங்களில் 'யூதனே' என்பதை வசைச்சொல்லாக வீசுவது நெடுநாளாக இருக்கும் கேடு. பந்தைக் கோட்டை விட்டவனைக்கூட அப்படி ஏசுகிறார்கள். இந்த முறை ஏச்சு வாங்கிய பையன் உண்மையிலேயே யூதன். மறுநாளிலிருந்து அவன் பள்ளிக்கு வரவில்லை. என் மகன் ஏசவில்லை. கூட நின்று சிரித்திருக்கிறான். அதை அவனே என்னிடம் ஒப்புக்கொண்டான். "பிள்ளைகள் விளையாட்டுக்குச் சொன்னது" என்று அவனுடைய ஆசிரியர் சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

எங்கள் வீட்டிலிருந்து மூன்று வாசல் தள்ளி, நடைபாதையில் ஒரு பித்தளைக் கல் பதித்திருக்கிறார்கள். இடறுகல் என்று பெயர். குந்தர் டெம்னிக் என்ற கலைஞர் 1990களில் தொடங்கிய வேலை இது. நாஜிகள் பிடித்துக்கொண்டு போனவர்கள் வாழ்ந்த வீட்டு வாசலில், பத்து சென்டிமீட்டர் சதுரத்தில் ஒருவருக்கு ஒரு கல். 2023இல் கற்களின் எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தொட்டுவிட்டது. 1938இல் யூதர்களின் கோயில்களைக் கொளுத்தி, கடைகளை அடித்து நொறுக்கிய நாளான நவம்பர் 9 அன்று, அக்கம்பக்கத்தார் இந்தக் கற்களைத் துலக்குவார்கள்.

நேற்று பையனை அழைத்துப் போனேன். இருவரும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தேய்த்தோம். கறுத்துக் கிடந்த தகட்டில் முதலில் 'இங்கே வாழ்ந்தவர்' என்ற வரி தெரிந்தது. பிறகு ஒரு சிறுமியின் பெயர், பிறந்த ஆண்டு 1930, கொல்லப்பட்ட ஆண்டு 1942, இடம் லாட்வியாவின் ரீகா நகரம்.

"பன்னிரண்டு வயதா, அப்பா?"

அவனுக்கும் பன்னிரண்டுதான். 1938 நவம்பர் 15 அன்று யூதப் பிள்ளைகள் அனைவரையும் அரசுப் பள்ளிகளிலிருந்து விரட்டினார்கள், அப்போது இவளுக்கு எட்டு வயது என்று சொன்னேன். கொஞ்ச நேரம் தேய்த்துக்கொண்டே இருந்தான். "அன்றைக்கு அவள் வகுப்பில் இருந்த மற்றவர்கள் என்ன செய்தார்கள்?" என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை.

காஸாவைப் பற்றி எழுதியிருந்தாய். அங்கே குழந்தைகள் சாவதைப் பார்த்து எனக்கும் உறக்கம் வருவதில்லை. ஆனால் இஸ்ரேல் அரசின் செயலுக்கு, பெர்லினில் ஏழாம் வகுப்பு படிக்கும் பையனிடம் கணக்குக் கேட்பது எந்த ஊர் நியாயம், செல்வம்? இந்த ஊரில் யூதப் பள்ளிகளின் வாசலில் போலீஸ் காவல் நிற்கிறது. இந்தப் போருக்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே நிற்கிறது. ஆறு வயதுக் குழந்தைகள் அதைத் தாண்டித்தான் வகுப்புக்குப் போகிறார்கள்.

வியாழக்கிழமை பெற்றோர் கூட்டம். 'விளையாட்டு' என்ற அந்தச் சொல்லை அங்கே நான் விடப்போவதில்லை. பையன் மன்னிப்புக் கேட்டு நாலு வரி எழுதி வைத்திருக்கிறான். நாளை அவனுடன் நானும் அந்த யூதப் பையனின் வீட்டுக்குப் போகிறேன். கதவைத் திறப்பார்களோ, மாட்டார்களோ.

அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மறக்காமல் எழுது.

உன்,
ரவி