திருப்பூரில் இருக்கும் மகனுக்கு

தம்பிக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். கடலை போட்டாச்சு. போன் அடித்தால் வேலையில் இருக்கிறேன் என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம்.

உன் அறையில் தங்கியிருக்கும் பையன் போன ஞாயிற்றுக்கிழமை வந்தான். அம்மா சாப்பாடு போட்டாள். கை கழுவும்போது, கரட்டில் அழுங்கு, அதுதான் எறும்புதின்னி, அதன் வளை எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டான். தெரியாது என்றேன். இங்கே அழுங்கு இருப்பது அவனுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

கிணற்று மேட்டில் டார்ச் அடித்து உனக்குக் காட்டினேனே, மறந்திருக்க மாட்டாய். முன்னங்கால் நகத்தை மடக்கி மடக்கி வைத்து வந்து, கறையான் புற்றைக் கிழித்து நாக்கை விட்டது. நாக்கா அது, சாட்டை! வாயில் ஒரு பல் இல்லையே, எறும்பை எப்படி மெல்லும் என்று மறுநாள் வாத்தியாரையே மடக்கினாய். முழுங்கிய மணலும் பொடிக்கல்லும் இரைப்பையில் அரைத்துவிடும் என்று அவர் படித்துவந்து சொன்னார். ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

மருந்து என்று விற்கிற அழுங்குச் செதிலில் ஒன்றுமே இல்லை தம்பி. நம் நகம் எதுவோ அதுவேதான். சீனாவிலேயே 2020இல் அதை மருந்துப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்களாம். இங்கே புலிக்கு உள்ள சட்டம்தான் அழுங்குக்கும்: 3 வருஷத்துக்குக் குறையாமல் 7 வருஷம் வரை ஜெயில். வனக்காவலர் ஊர்க் கூட்டத்தில் சொன்னார். அந்தப் பையனிடமும் சொல்லிவை.

சிறுத்தை வந்தால் அழுங்கு சுருண்டுகொள்ளும். சிறுத்தை உருட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். ஆள் வந்தாலும் சுருளத்தான் தெரியும். சாக்கில் அள்ளிப் போட வேண்டியதுதான். போடுவதும் பெரும்பாலும் ஒரே குட்டி. அது தாய் வாலில் தொற்றிக்கொண்டு திரியும். நகம்தான் தம்பி, வெறும் நகம்.

ராத்திரி ஷிப்டும் பார்த்து அக்கா கல்யாணத்துக்குச் சேர்த்தவன் நீ. இப்போது அம்மாவிடம் மட்டும் ரகசியமாகப் பணம் கேட்கிறாய். எனக்குக் காது கேட்காதா?

கடன் எவ்வளவு, யாரிடம், என்ன வட்டி என்று எழுது. மேலக்காட்டை அடமானம் வைத்துக்கொள்ளலாம். தீபாவளிக்கு வா. அவனைக் கூட்டி வராதே.

அப்பா