கிராண்டுக்கு மதிப்பெண் போட்டவர்களுக்கு ஒரு மடல்

அமெரிக்க அதிபர்களை வரிசைப்படுத்தும் வரலாற்றாசிரியர்களுக்கு,

வணக்கம். சி-ஸ்பான் தொலைக்காட்சி உங்களைக் கேட்டுத் தயாரித்த பட்டியலில் 2000-ஆம் ஆண்டு யுலிசிஸ் கிராண்டுக்கு 33-ஆவது இடம். 2009-ல் 23. 2021-ல் 20. அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படைகளை வெற்றிக்கு நடத்திய தளபதி, 1869 முதல் 1877 வரை அதிபர், 1885-ல் இறந்துபோன மனிதர் அவர். செய்தது, செய்யாதது எதுவும் அதற்கப்புறம் மாறவில்லை. மாறியது உங்கள் பார்வைதான். மாறியதில் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் ஏன் மாறியது என்பதை நீங்கள் உரக்கச் சொல்ல வேண்டும். அதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

போரில் சூரர், ஆட்சியில் ஏமாளி, குடிகாரர், சுற்றிலும் திருடர்கள். கிராண்ட் பற்றித் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டது இவ்வளவுதான். ஊழல் நடந்தது உண்மை. விஸ்கி வரியைச் சுருட்டிய கும்பலோடு அவருடைய சொந்தச் செயலாளர் பாப்காக்கின் பெயரே அடிபட்டது. 1876-ல் கிராண்ட் அவருக்காகச் சாட்சியமும் கொடுத்தார். நம்பினவர்களைச் சந்தேகிக்கத் தெரியாத குணம். அதிபருக்கு அது பெரிய குறைதான், மறுக்கவில்லை.

சரி, பெயர் கெட்டதற்கு அது மட்டுமா காரணம்? 1870-ல் அரசியல் சட்டத்தின் 15-ஆவது திருத்தம் கறுப்பின ஆண்களின் ஓட்டுரிமையை உறுதிசெய்தது. தெற்கே கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி ரகசியக் கும்பலின் ஆட்கள் முகமூடி போட்டுக்கொண்டு ராத்திரியில் வீடு புகுந்து, ஓட்டுப் போட்டவர்களைச் சாட்டையால் அடித்தார்கள், கொன்றார்கள். கிராண்ட் 1871 ஏப்ரலில் அதற்கெதிராகச் சட்டம் கொண்டுவரச் செய்தார். அக்டோபரில் தென் கரோலினாவின் 9 கவுண்டிகளில் ஆட்கொணர்வு உரிமையையே, அதாவது கைதானவர் நீதிமன்றத்தில் தன் கைதைக் கேள்வி கேட்கும் உரிமையையே, நிறுத்திவைத்தார். ராணுவம் வீடு வீடாகப் போய் நூற்றுக்கணக்கானவர்களைப் பிடித்தது. வழக்குகளை முடுக்கிவிட்ட அட்டர்னி ஜெனரல் ஏமஸ் ஆக்கர்மன், ஒரு காலத்தில் தானே அடிமைகளை வைத்திருந்தவர். கிளான் அங்கே முதுகெலும்பு முறிந்து கிடந்தது.

இதைத்தான் பலரால் மன்னிக்க முடியவில்லை. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வில்லியம் டன்னிங்கும் அவர் மாணவர்களும் அந்தக் காலத்து வரலாற்றை எழுதியபோது, கறுப்பினத்தவருக்கு ஓட்டுக் கொடுத்ததே தவறு என்ற நினைப்போடு எழுதினார்கள். பாடநூல்கள் அதையே எடுத்துக்கொண்டன. 1935-லேயே கறுப்பின அறிஞர் டு பாய்ஸ் விரிவாக மறுத்தார். உங்கள் துறை பல ஆண்டுகள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

லூயிசியானாவின் கோல்ஃபாக்ஸ் ஊரை நினைத்துப் பாருங்கள். 1873 ஏப்ரல் 13, ஈஸ்டர் ஞாயிறு. நீதிமன்றக் கட்டடத்தைக் காத்து நின்ற கறுப்பினத்தவர்கள்மேல் வெள்ளையர் கும்பல் பாய்ந்தது, கட்டடத்துக்குத் தீ வைத்தது, சரணடைந்தவர்களையும் சுட்டது. கொலையாளிகள் தண்டனை இல்லாமல் திரிகிறார்களே என்று 1875 ஜனவரியில் கிராண்ட் செனட்டுக்குக் கொதிப்போடு எழுதினார். அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம், தண்டிக்கப்பட்டிருந்த கொஞ்சப் பேரையும் விட்டுவிட்டது. பிற்பாடு மாநில அரசே அந்த இடத்தில் ஒரு பலகை நட்டது. நடந்தது ‘கலவரம்’ என்றும், மூன்று வெள்ளையரும் 150 நீக்ரோக்களும் இறந்ததாகவும், அதோடு தெற்கில் வந்தேறிகளின் (வடக்கிலிருந்து வந்தவர்களின்) கேடுகெட்ட ஆட்சி முடிந்ததாகவும் அதில் எழுதியிருந்தது. 2021-ல்தான் அதைப் பிடுங்கினார்கள். நீங்கள் கிராண்டுக்கு 20-ஆவது இடம் கொடுத்த அதே ஆண்டு.

எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது 1859-ல் நடந்த ஒன்றால். அப்போது அவர் செயின்ட் லூயிஸில் கையில் காசில்லாதவர். விறகு விற்றுப் பிழைத்திருந்தார். வில்லியம் ஜோன்ஸ் என்ற அடிமை ஒருவர் அவர் கைக்கு வந்திருந்தார். விற்றிருந்தால் நல்ல காசு கிடைத்திருக்கும். நீதிமன்றத்துக்குப் போய் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்.

அதற்காக அவரைத் தூக்கி வைத்துக் கொண்டாடச் சொல்லவில்லை. லகோட்டா என்ற பூர்வகுடி மக்களுக்கு ஒப்பந்தத்தில் உறுதி கொடுத்த பிளாக் ஹில்ஸ் மலையில் தங்கம் கிடைத்ததும், 1876-ல் அவர்கள்மேல் போர் தொடுத்தது அவர் அரசுதான். 1875-ல் மிசிசிப்பியில் கறுப்பினத்தவரை மிரட்டித் தேர்தலைப் பறித்தபோது ஆளுநர் கெஞ்சியும் அவர் படை அனுப்பவில்லை. இவற்றுக்காக மதிப்பெண்ணைக் குறையுங்கள். நியாயம்.

ஆனால் அடுத்த பட்டியல் வரும்போது அவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பத்தி எழுதுங்கள். இத்தனை காலம் அவரைக் கீழே வைத்தபோது யார் எழுதியதை நம்பினீர்கள், அவர்கள் யாருடைய ஓட்டுரிமையை வெறுத்தார்கள் என்று அதில் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஒரு தமிழ் வாசகர்